மீனவ கிராமத்தில் ஹெப்படைட்டிஸ் சி முகாம்: யாருக்கு டெஸ்ட், பாசிட்டிவ் வந்தால் அடுத்து என்ன?

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்)

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை 28 உலக ஹெப்படைட்டிஸ் நாள். அன்றைக்கு முதுநகர் பக்கம் இரண்டு மீனவ கிராமங்களில் எங்கள் நற்பணி மன்றம் சார்பில் முகாம் போடலாம் என்று பேச்சு நடக்கிறது. 1,000 பேருக்கு ஹெப்படைட்டிஸ் சி (ரத்தம் வழியாகப் பரவி ஈரலைக் கெடுக்கும் கிருமி) கார்டு டெஸ்ட் செய்ய கிட் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். லேப் டெக்னீஷியன் இரண்டு பேர் வருகிறார்கள். பந்தல், மைக்செட், மதிய சாப்பாடு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது.

எனக்குத் தெரிய வேண்டியது: 1,000 பேரைப் பார்த்தால் சுமார் எத்தனை பேருக்கு நோய் தெரியவரும்? கார்டில் இரண்டு கோடு (பாசிட்டிவ்) வந்தால் அங்கேயே சொல்லிவிடலாமா? மருந்து அரசாங்கமே இலவசமாகத் தருகிறது என்கிறார்கள், அதற்கு மஞ்சக்குப்பம் ஜி.எச்.சுக்கு (கடலூர் அரசு தலைமை மருத்துவமனை) அனுப்புவதா, நேரே புதுச்சேரி ஜிப்மருக்கா? இன்னொன்று, ஊரில் "காமாலைக்குக் கீழாநெல்லி போதும், இதுக்கு எதுக்கு முகாம்" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

---

ஊதாமூடி (லேப், புதுச்சேரி)

முதல் கேள்விக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தால் மற்றதில் பாதி தானே விளங்கிவிடும்.

தேசிய குடும்பநல ஆய்வு-4-ல் எடுத்த ரத்த மாதிரிகளை வைத்து நாடு முழுக்கப் பார்த்ததில், ஹெப்படைட்டிஸ் சி ஆன்டிபாடி (கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்) இருந்தவர்கள் 0.32 சதவீதம். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் 1,000 பேரில் 3 பேர். அந்த மூன்றிலும் எல்லோருக்கும் கிருமி இருக்காது. தொற்று வந்தவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் உடம்பே கிருமியை விரட்டிவிடும், ஆன்டிபாடி மட்டும் தங்கிவிடும். ஆக மருந்து தேவைப்படுகிறவர் 2 பேர்.

கார்டு டெஸ்டின் பக்கத்தைப் பாருங்கள். நோய் இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் 99 சதவீதம் சரியான கிட் என்றே வைப்போம். மீதி 997 பேரில் 10 பேருக்குப் பொய்யாக இரண்டு கோடு வரும். மொத்தம் 13 பேரை நீங்கள் கலங்கடிப்பீர்கள், அதில் 2 பேருக்குத்தான் நோய். மைக்கில் பெயரைக் கூப்பிட்டு "வாங்க, உங்களுக்குப் பாசிட்டிவ்" என்றால் மீதி 11 குடும்பத்துக்கும் கல்யாணப் பேச்சு வரை கெட்டுப்போகும்.

அதனால் இரண்டாவது கேள்விக்குப் பதில்: சொல்லக்கூடாது. கார்டு காட்டுவது ஆன்டிபாடியை, கிருமியை அல்ல. ஆர்.என்.ஏ டெஸ்ட், அதாவது ரத்தத்தில் கிருமியே இருக்கிறதா, எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு, பார்த்த பிறகுதான் நோய் உண்டா இல்லையா என்ற பேச்சே.

பல முகாம்கள் கோட்டைவிடுவதும் இங்கேதான். கார்டு பாசிட்டிவ் வந்தவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பினால், போகமாட்டார். உடம்பில் ஒன்றும் தெரியாதபோது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எவர் போவார்? இரண்டு கோடு வந்த அதே நாற்காலியில், அதே நேரத்தில், கையிலிருந்து ரத்தம் எடுத்துவிடுங்கள். செய்முறை:

ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ குழாயில் 4 முதல் 5 மி.லி. எடுத்ததும் 8–10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக்கூடாது, ரத்தம் உடைந்துவிடும். பச்சை மூடி (ஹெப்பாரின் என்னும், ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து உள்ளது) குழாய் வேண்டாம், ஹெப்பாரின் ஆர்.என்.ஏ டெஸ்டின் பி.சி.ஆர் வேலையையே தடுத்துவிடும். எடுத்த 6 மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றும் மெஷின்) சுற்றிப் பிளாஸ்மாவை (செல் நீங்கிய மஞ்சள் நீர்) பிரித்துவிடுங்கள். பிரித்த பிளாஸ்மாவை 2–8 டிகிரியில் ஐஸ் பெட்டியில் கொண்டுபோகலாம். பிரிக்காத குழாயை ஐஸ்கட்டி மேலேயே வைத்தால் உறைந்து செல் எல்லாம் உடையும்; நடுவே துணியோ அட்டையோ வையுங்கள். காலை 9 மணிக்கு எடுத்த குழாய் மாலை முகாம் முடியும் வரை பந்தலிலேயே கிடந்தால் அது வீண். மதியம் ஒரு முறை பைக்கில் ஆளை அனுப்பிவிடுங்கள்.

பல அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கு வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் மெஷினிலேயே இதற்கான கார்ட்ரிட்ஜ் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாதிரிக்கு 1 மி.லி. பிளாஸ்மா, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிவு. ஆனால் கார்ட்ரிட்ஜ் கையிருப்பு இருக்கிறதா, வெளியிலிருந்து வரும் மாதிரியை வாங்குவார்களா என்று முகாமுக்கு முன்பே போய்ப் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பேச்சு முடியாமல் முகாமே போடாதீர்கள்.

கார்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான கிட்கள் 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டியவை. ஜூலை வெயிலில் கடற்கரைப் பந்தலுக்குள் அதைத் தாண்டும். தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். ஃபாயில் உறையை ஒவ்வொருவர் உட்கார்ந்த பிறகுதான் கிழிக்க வேண்டும். வேகமாக முடியும் என்று பத்து உறையை முன்கூட்டியே பிரித்து அடுக்கினால் உப்புக்காற்று ஈரத்தில் கோடு மங்கலாக வரும். கிட்டில் சொன்ன நேரத்தில் (பெரும்பாலும் 15–20 நிமிடம்) படித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து "லேசாக இரண்டாவது கோடு தெரியுதே" என்பது கணக்கில் வராது. கட்டுப்பாட்டுக் கோடு (கார்டு வேலை செய்கிறது என்று காட்டும் கோடு) வராத கார்டு செல்லாது, வேறு கார்டு போட வேண்டும்.

---

முத்தியால்பேட்டை

ஊதாமூடி சொன்ன கணக்கை வைத்தே ஒரு படி மேலே போகிறேன். எல்லோருக்கும் டெஸ்ட் என்பது இந்த இடத்துக்குப் பொருந்தாத வழி.

எகிப்து அப்படித்தான் செய்தது, ஜெயித்தது என்று சிலர் சொல்வார்கள். 2018 அக்டோபரில் தொடங்கி ஏழே மாதத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேரைப் பரிசோதித்தார்கள், உண்மைதான். 2023-ல் உலக சுகாதார நிறுவனம் ஒழிப்புப் பாதையில் தங்கத் தகுதி கொடுத்ததும் உண்மை. ஆனால் அங்கே 2015 ஆய்வில் 15–59 வயதினரில் ஆன்டிபாடி இருந்தவர்கள் 10 சதவீதம். நத்தைக் காய்ச்சல் என்னும் ஒட்டுண்ணி நோய்க்கு ஊசி போடும் அரசு இயக்கம் பல பத்தாண்டுகள் நடந்தது, அதே சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் கிராமம் கிராமமாகப் பரவியது. அங்கே 1,000 பேரைப் பார்த்தால் 100 பேர் உண்மை, 9 பேர் பொய். இங்கே 3 பேர் உண்மை, 10 பேர் பொய். கார்டு ஒன்றுதான், ஊர்தான் வேறு.

நம் தேசியத் திட்டம் (தேசிய வைரல் ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம், 2018 ஜூலை 28-ல் தொடங்கியது) தேடச் சொல்வது ஆபத்து குவிந்திருக்கும் இடங்களில்: டயாலிசிஸ் (கிட்னி வேலை செய்யாதபோது மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்பவர்கள், ஊசி வழி போதை எடுப்பவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா, ஹீமோஃபீலியா போன்ற பிறவி ரத்த நோய் உள்ளவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், சிறையில் இருப்பவர்கள். ரத்த வங்கியில் சி டெஸ்ட் கட்டாயமானது 2001-ல்; அதற்கு முன் பிரசவத்திலோ ஆபரேஷனிலோ ரத்தம் ஏற்றியவர்கள். தாய்க்கு இருந்தால் குழந்தை (அதற்கும் ஆன்டிபாடி டெஸ்ட் 18 மாதம் முடிந்த பிறகுதான், அதுவரை தாயின் ஆன்டிபாடியே காட்டும்).

எனவே 1,000 கிட் வேண்டாம். 150 போதும். பந்தல் வாசலில் ஒருவர் உட்கார்ந்து ஐந்து கேள்வி கேளுங்கள்: எப்போதாவது ரத்தம் ஏற்றியதுண்டா, எந்த வருஷம்? டயாலிசிஸ் உண்டா? பச்சை குத்தியிருக்கிறீர்களா, எங்கே? டாக்டர் அல்லாதவரிடம் அடிக்கடி ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டா? வீட்டில் யாருக்காவது ஈரல் சுருங்கியது, வயிற்றில் நீர் கோத்தது உண்டா? ஒன்றுக்காவது ஆம் என்றால் டெஸ்ட். போதை ஊசி பற்றி வாசலில் கேட்டால் எவரும் வாய் திறக்கமாட்டார், அதை உள்ளே தனியாகக் கேளுங்கள்.

மிச்சப் பணத்தில் ஹெப்படைட்டிஸ் பி (இதுவும் ஈரலைத் தாக்கும் கிருமி) கார்டு வாங்குங்கள். அதே ஆய்வில் பி 0.95 சதவீதம், சியைவிட மூன்று மடங்கு. பிக்குத் தடுப்பூசி உண்டு, சிக்குக் கிடையாது. பி நெகட்டிவ் வந்த துப்புரவுப் பணியாளரை 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசிக்கும், டயாலிசிஸ்காரரை அவருடைய டாக்டர் சொல்லும் கணக்கில் ஊசிக்கும் அனுப்பிவைத்தால் அதுவே முகாமின் பெரிய பலன். என்னைக் கேட்டால் பலகையில் முதலில் பி-யை எழுதுங்கள்.

தேதி பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலை 28 ஆடி மாதம். ஊரில் கூழ் ஊற்றுவதும் செடல் உற்சவமும் (அலகு குத்தி வேண்டுதல் செலுத்தும் அம்மன் திருவிழா) நடக்கிற நேரம், கூட்டம் வரும், நல்லது. ஆனால் ஆண்கள் கடலில் இருப்பார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆண்களைப் பிடிக்க அதுதான் சரியான நேரம். இந்த வருஷம் முடியாவிட்டால் படகு கரைக்கு வந்து மீன் இறக்கி முடிகிற நேரத்தைக் கேட்டு அதற்கு ஏற்ப முகாம் நேரத்தை வையுங்கள். 10 மணிக்கு விளக்கேற்றி 1 மணிக்கு மூடினால் வருவது பெண்களும் முதியவர்களும் மட்டுமே.

செடலில் அலகு குத்துபவர்களிடமும் பேசிவையுங்கள். ஒரே அலகை வேப்பிலையால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் குத்துவது கூடாது, ஆளுக்கு ஒன்று தனியாக இருக்க வேண்டும். வேண்டுதலை நிறுத்தச் சொன்னால் உங்கள் பந்தலைத்தான் பிரிப்பார்கள். ஆளுக்கு ஓர் அலகு என்றால் கேட்பார்கள்.

---

டயாலிசிஸ்அக்கா (கடலூர்)

முத்தியால்பேட்டை சொன்னதில் முதல் பெயர் டயாலிசிஸ். அதைக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் மாவட்டத்தில் சி புதிதாகப் பரவ வாய்ப்புள்ள இடம் அதுதான், பந்தல் போட்டு வெளியே தேடினால் அகப்படாது.

மெஷினுக்குள் புகுந்து கிருமி பரவுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பரவுவது கையாலும் மருந்துக் குப்பியாலும். ஒரே ஹெப்பாரின் குப்பியில் திரும்பத் திரும்ப ஊசியை விட்டு நாலு பேருக்கு எடுப்பது. ஒருவர் கட்டிலருகே தொட்ட கையுறையோடு அடுத்தவர் ஃபிஸ்டுலாவை (டயாலிசிஸ் ஊசி குத்தும் கை ரத்தக்குழாய்) தொடுவது. குழாயை இறுக்கும், ரத்தம் பட்ட கிளாம்பைத் துடைக்காமல் அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோவது. பிரஷர் லைனில் இருக்கும் சின்ன ஃபில்டர் (டிரான்ஸ்டியூசர் புரொட்டெக்டர்) ரத்தத்தில் நனைந்தபிறகும் மாற்றாமல் விடுவது. மருந்து நிரப்பும் மேஜை நோயாளி கட்டிலிலிருந்து தள்ளி, தனியே இருக்க வேண்டும். அங்கிருந்து நிரப்பிய சிரிஞ்ச் ஒரு நோயாளிக்குப் போனால் திரும்ப அந்த மேஜைக்கு வரக்கூடாது. ஷிஃப்ட் மாறும் 20 நிமிடத்தில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது, ஒருவரை இறக்கும் முன்னே அடுத்தவரை ஏற்றும் அவசரம்.

நோயாளியின் வீட்டார் கேட்க வேண்டியவை: சேர்ந்தபோது ஆன்டிபாடியோடு ஆர்.என்.ஏவும் பார்த்தார்களா? (டயாலிசிஸ்காரர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, கிருமி இருந்தும் ஆன்டிபாடி வராமல் போவதுண்டு.) ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி டெஸ்ட் நடக்கிறதா? டயலைசரை (ரத்தத்தை வடிகட்டும் குழல்) கழுவித் திரும்பப் போடுகிறார்கள் என்றால், பாசிட்டிவ் உள்ளவருடையதைத் தனியாகக் கழுவுகிறார்களா, உறையில் பெயர் எழுதியிருக்கிறதா?

நெகட்டிவாக இருந்த ஒருவர் அந்த யூனிட்டிலேயே பாசிட்டிவ் ஆனால் அது அவருடைய தனிப்பட்ட துரதிர்ஷ்டம் அல்ல, கூட இருந்த அத்தனை பேருக்கும் ஆர்.என்.ஏ பார்க்க வேண்டிய அபாய மணி. அவரை மட்டும் வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டுப் பேசாமல் இருப்பது மகா தப்பு.

கிட்னி போனவருக்கு சி மருந்து கொடுக்க முடியாது என்று இன்னமும் சிலர் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். பழைய தகவல். சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விர் என்னும் சி மாத்திரையை டயாலிசிஸில் இருப்பவருக்கும் டோஸ் குறைக்காமல் தரலாம். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர் மட்டும் ஆபரேஷனுக்கு முன்னா பின்னா என்று கிட்னி டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும்.

முகாமில் ரத்தம் சிந்தினால்: கடையில் கிடைக்கும் 5 சதவீத ஹைப்போகுளோரைட் 1 லிட்டருக்கு 4 லிட்டர் தண்ணீர், அது 1 சதவீதம் ஆகும். சிந்திய இடத்தில் துணி போட்டு மூடி, அதன்மேல் ஊற்றி, 10 நிமிடமாவது விட்டுத் துடையுங்கள். அன்றன்று கலக்க வேண்டும், நேற்றுக் கலந்தது வெயிலில் சத்துப் போயிருக்கும். லான்செட் (விரலில் குத்தும் சின்ன ஊசி) ஆளுக்கு ஒன்று, குத்தியதும் வெள்ளை நிறத் துளைபடாத டப்பாவில். மூடி போட முயன்றுதான் ஊசி கையில் குத்துகிறது.

---

கெடிலக்கரை

பெரிய உதவி. 1,000 கிட் என்பதைக் கைவிடுகிறோம். பி கார்டையும் சேர்க்கிறோம். ஆர்.என்.ஏவில் கிருமி இருக்கிறது என்று வந்துவிட்டால் மருந்துப் பக்கம் எப்படி? கீழாநெல்லிக் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள், கமிட்டியிலேயே இரண்டு பேர் அந்தக் கட்சி.

---

மாத்திரைப்பெட்டி (ஃபார்மசிஸ்ட், புதுச்சேரி)

கீழாநெல்லியை முதலில் முடித்துவிடுகிறேன். ஊரில் பார்க்கும் காமாலையில் நிறைய ஏ வகை, இ வகை. தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவது. அது பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குப் போகும். சி வகை அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்குக் கண்ணே மஞ்சளாகாது. 20 வருஷம் சத்தமில்லாமல் இருந்து ஈரலைச் சுருக்கிவிட்டு, வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். "காமாலை வந்தா பார்த்துக்கலாம்" என்பவரிடம், காமாலை வராத நோய்க்குத்தான் இந்த டெஸ்ட் என்று சொல்லுங்கள். அதோடு குடியை விடச் சொல்லுங்கள். புதுச்சேரி எல்லையில், சாராயக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்வது எவ்வளவு எடுபடும் என்பது வேறு கதை.

மருந்து. மாவட்டத்துக்கு ஒரு சிகிச்சை மையமாவது என்பது தேசியத் திட்டத்தின் ஏற்பாடு. முதலில் மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள். ஈரல் சுருங்கி, நீர் கோத்து, ரத்த வாந்தி எடுத்தவரைப் பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கு ஜிப்மர். நன்றாக நடமாடுகிற ஆளை எல்லாம் ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்கு அனுப்பி வரிசையில் நிற்கவைக்க வேண்டாம், பக்கத்தில் தொடங்கினால்தான் மூன்று மாதமும் தொடர்வார்.

எந்த மருந்து என்பது ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்கேனுக்கு முன்பே ஒரு சின்னக் கணக்கு உண்டு, ஏ.பி.ஆர்.ஐ: ரத்தத்தில் பார்க்கும் ஈரல் என்சைமான ஏ.எஸ்.டி.யை அதன் மேல் வரம்பால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, பிளேட்லெட்டால் (ஆயிரத்தில்) வகுக்க வேண்டும். ஏ.எஸ்.டி. 80, வரம்பு 40, பிளேட்லெட் 1.5 லட்சம் என்றால் 2 × 100 ÷ 150 = 1.33. ஏ.எஸ்.டி. 120, பிளேட்லெட் 90 ஆயிரம் என்றால் 3 × 100 ÷ 90 = 3.33. 2-ஐத் தொட்டாலே ஈரல் சுருங்கியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

சுருக்கம் இல்லாதவருக்கு: சோஃபோஸ்புவிர் 400 மி.கி. + டக்ளாடாஸ்விர் 60 மி.கி., தினம் ஒருவேளை, 12 வாரம். சுருக்கம் இருந்தும் ஈரல் ஈடுகொடுப்பவருக்கு: சோஃபோஸ்புவிர் 400 + வெல்படாஸ்விர் 100, அதே 12 வாரம். நீர் கோத்த நிலை என்றால் இதோடு ரிபாவிரின் என்னும் மருந்தும் சேரும், அது பெரிய மையத்து டாக்டர் வேலை. 12 வாரம் என்றால் 84 நாள், 28 நாளுக்கு ஒரு டப்பா, மூன்று டப்பா. வைரஸ் எந்த வகை என்று பார்க்கும் ஜெனோடைப் டெஸ்ட் முதல்முறை மருந்து எடுப்பவருக்குத் தேவையில்லை, தனியார் லேபில் அதற்குப் பணம் கட்டாதீர்கள். குணமாகும் வாய்ப்பு 95 சதவீதத்துக்கு மேல்.

மருந்து தோற்பது பெரும்பாலும் மருந்தின் குற்றமல்ல. கூட விழுங்கும் மாத்திரைகளைப் பாருங்கள்:

கேஸ் மாத்திரை. நம் ஊரில் எந்தச் சீட்டிலும் ஒமிப்ரசோலோ பேன்டோப்ரசோலோ இல்லாமல் இருக்காது. வயிற்றில் அமிலம் இருந்தால்தான் வெல்படாஸ்விர் உடம்பில் ஏறும். டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். வெள்ளை ஆன்டாசிட் சிரப் என்றால் நாலு மணி நேரம் இடைவெளி. டக்ளாடாஸ்விருக்கு இந்தத் தொல்லை இல்லை.

வலிப்பு மாத்திரை (ஃபெனிட்டாய்ன், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டோன்), டி.பி. மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின். இவை சி மருந்தை ரத்தத்தில் நிற்கவிடாமல் கரைத்துவிடும். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. டாக்டர் மாற்றித் தருவார். டி.பி. இருந்தால் பொதுவாக அதை முடித்துவிட்டுத்தான் இது.

இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவர்: சோஃபோஸ்புவிரோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையும். இதை மட்டும் சிவப்பில் எழுதிவையுங்கள்.

சர்க்கரைக்காரர்: கிருமி போகப் போகச் சர்க்கரை இறங்கும். பழைய டோஸிலேயே போட்டால் லோ சுகர் வரும். முதல் மாதம் அடிக்கடி பாருங்கள்.

பி கார்டு சேர்த்தது இன்னொரு வகையிலும் நல்லது. பி உள்ளவருக்கு சி மருந்து தொடங்கினால், அடங்கியிருந்த பி தலைதூக்கி ஈரலைத் தாக்கலாம். அதனால் பி பார்க்காமல் சி மருந்து தொடங்கவே கூடாது. கர்ப்பிணிக்குப் பொதுவாகப் பிரசவம், பாலூட்டல் முடிந்த பிறகுதான்.

ஒரு வேளை மறந்தால் 18 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போட்டுவிடலாம், தாண்டினால் மறுநாள் வழக்கம்போல் ஒன்றுதான். இரண்டாகச் சேர்த்து விழுங்கக்கூடாது. ஆழ்கடலுக்குப் போகிறவர் போக வேண்டிய நாளுக்கு மேல் ஒரு வாரத்து மாத்திரையைச் சேர்த்துக் கொண்டுபோகட்டும், ஈரம் புகாத டப்பாவில்.

கடைசி மாத்திரைக்கு 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. அதில் கிருமி இல்லை என்றால்தான் குணம். பலர் டப்பா காலியானதும் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் கார்டு டெஸ்ட் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே வரும். பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து வெளிநாட்டுக்கு மெடிக்கல் போகிறவர்களுக்கு இந்தக் காகிதம் இல்லாவிட்டால் விளக்கம் சொல்லக்கூட வழியில்லை. குணமானாலும் ரத்ததானம் செய்யக்கூடாது. ஆன்டிபாடி இருப்பது பாதுகாப்பும் அல்ல, மறுபடி தொற்றலாம். ஈரல் சுருங்கியவர் குணமான பின்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் பார்க்க வேண்டும், புற்றுநோய் வாய்ப்பு முழுதாகப் போய்விடாது.

---

கெடிலக்கரை

கடைசியாக ஒன்று. கார்டில் இரண்டு கோடு வந்து ரத்தம் எடுத்தவர் கையில் என்ன எழுதிக் கொடுப்பது? கமிட்டியில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

---

ஊதாமூடி (லேப், புதுச்சேரி)

பெயர் வேண்டாம், டோக்கன் எண் மட்டும். இந்த நாலு வரி போதும்:

"முதல் டெஸ்டில் ஒரு அறிகுறி தெரிந்துள்ளது. கிருமி இப்போது இருக்கிறதா என்பது இரண்டாவது டெஸ்டில்தான் தெரியும், அதற்கு ரத்தம் எடுத்துள்ளோம். சேர்ந்து சாப்பிடுவதாலோ, தொடுவதாலோ, ஒரே தட்டு டம்ளராலோ இது பரவாது; ஷேவிங் பிளேடு, பல் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக வையுங்கள். முடிவு வரும் நாள்: ____, நாங்களே போன் செய்கிறோம்."

டெஸ்ட் போட்ட எல்லோருக்கும், நெகட்டிவ் வந்தவருக்கும், அதே அளவு, அதே நிறத்தில் ஒரு சீட்டு கொடுங்கள். இல்லாவிட்டால் சீட்டு வாங்கியவர் யார் என்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். டோக்கன் எண்ணும் போன் எண்ணும் உள்ள நோட்டு ஒரே ஆளிடம் இருக்கட்டும், அந்த ஆள் கமிட்டித் தலைவராக இருக்க வேண்டாம்.